ஆறாம் திணையின் கருப்பொருள்



புலம்பெயர்ந்தோர் கவிதையில் பனி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அப்பொருளைச் சற்றே சுருக்கிக்கொள்ள இசைவு வேண்டுகிறேன். பனியைப் பற்றிப் பேசியோர் பலர். பனியை வாசலிலிருந்து அகற்றும் ஒரு வீட்டு இயந்திரத்தைப் பற்றி இன்று பேச விழைகிறேன். கனடாவில் வாழும் நம் மக்கள் அதனை 'ஸ்னோ புளோவர்' என்கின்றனர்.

அம்மாபேட்டையில் பனி பொழிவதில்லை. மார்கழி விடியலில் சேர்வராயன் மலைமுகட்டை மூடும் பனிமூட்டமே நாம் அறிந்த பனியின் எல்லை. அவ்வாறிருக்க, சேலத்து அவையில் இப்பேச்சு எதற்கு என்று நீங்கள் வினவலாம். நம் வட்டத்திற்கு வரும் கவிதைகளிலும் வெண்பனி பொழிந்துகொண்டுதான் இருக்கிறது. திரைப்படத்தில் கண்ட பனி அது. காலில் படாத பனி. மறுபுறம், நம் தெருக்களிலிருந்தே பிள்ளைகள் பலர் டொராண்டோவுக்கும் மாண்ட்ரியலுக்கும் சென்று, பனியைக் கையால் அள்ளி வாழ்கின்றனர். கவிதையின் பனிக்கும் கையின் பனிக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அவ்விடைவெளியே என் பேச்சின் பொருள்.

பனி என்னும் சொல்

பனி என்பது நமக்குப் பழஞ்சொல். ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனி, பின்பனி என இரண்டு அதன் பெயரால் அமைந்தவை. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. குறிஞ்சிக்குக் கூதிரோடு முன்பனியையும், பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் உரிமையாக்கினார் தொல்காப்பியர். ஆயினும் அப்பனி இலைமேல் நிற்கும் துளி, விடிந்தால் உலர்வது. பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்றும் பொருளுண்டு. கண்ணில் துளிர்க்கும் நீரையும் பனி என்றனர் முன்னோர். ஆக, நம் மொழியில் பனி என்பது துளி, குளிர், நடுக்கம், கண்ணீர் ஆகிய நான்கின் கூட்டுப்பெயர்.

இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுதான் நம் மக்கள் கனடாவுக்குச் சென்றனர். 1983-ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் ஈழத்திலிருந்து புறப்பட்டோரின் தொகை பெருகியது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர்கள் மீட்ட வரலாறு நீங்கள் அறிந்ததே. இவர்கள் கண்ட பனி துளியாக இல்லை, முழங்காலளவு நின்றது, விடிந்தும் உலரவில்லை. துளிக்கும் குவியலுக்கும் ஒரே சொல்லை வழங்க நேர்ந்தபோது, அச்சொல்லின் பழம்பொருளாகிய கண்ணீரே கவிதையில் முந்திக்கொண்டது. இழந்த ஊரின் வெயிலும், வந்த ஊரின் பனியும் எதிர்நிலையாயின. அந்நாளில் அது இயல்பே. அதில் குறை காண்பதற்கில்லை.

திணைக்கு வேண்டுவன

புலம்பெயர் இலக்கியத்தைத் திறனாய்வோர், பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாம் திணை எனப் பெயரிட்டனர். அழகிய பெயர். ஆனால் ஒரு திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றும் வேண்டும். ஆறாம் திணைக்கு முதற்பொருள் உண்டு: நிலம் கனடா, நார்வே, பொழுது நெடுங்குளிர். உரிப்பொருளும் உண்டு: பிரிவும் ஏக்கமும். கருப்பொருள் எங்கே?

தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று தொல்காப்பியர் கருப்பொருளை அடுக்குகிறார். மக்கள் ஒரு நிலத்தில் வேர்கொண்டதன் சான்றுகள் இவை. கருப்பொருள் இல்லாத நிலம் வழிப்போக்கன் கண்ட நிலமாகவே நிற்கும்.

கருவிகளைப் பாடுதல் தாழ்ந்ததென நம் முன்னோர் எண்ணவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் தலைவி கையில் தழல், தட்டை, குளிர் எனக் கிளிகடி கருவிகள் உள்ளன. அவை எளிய வீட்டுக் கருவிகள். அவற்றை நீக்கிவிட்டால் அப்பாட்டின் காதலுக்கு நிற்க இடமில்லை. இன்னொரு சான்று நம் பக்கத்து ஊருக்கே உரியது. தகடூர் அதியமானின் மகனை ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில், உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் மாற்று அச்சுக்கு அவன் உவமையாகிறான். வழியில் அச்சு முறிந்தால் உதவும் பொருள் அது. ஒரு வண்டியின் உறுப்பு, ஒரு குறுநில மன்னனின் பெருமையைச் சொல்லப் போதுமாயிற்று.

ஆறாம் திணையில் அந்த அச்சைப் போன்றது எது என்று தேடியபோதுதான் இவ்வியந்திரம் என் கண்ணில் பட்டது.

கதிரடிக்கும் களத்திலிருந்து

இதன் பிறப்பு வரலாறு நமக்கு அயலானதன்று. இருப்புப்பாதையில் பனியகற்றும் சுழல்பொறி ஒன்றுக்கு 1869-இல் டொராண்டோ நகரத்துப் பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட் வடிவம் தந்தார். சாலைக்குரிய பொறியை உருவாக்கியவர் கியூபெக் மாநிலத்து ஆர்தர் சிகார். கோதுமைக் கதிரடிக்கும் இயந்திரம் பதரை வீசி எறிவதைக் கண்டு இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது என்பர். பல்லாண்டு முயன்று 1925-இல் முதற்பொறியை முடித்தார். 1927-இல் மாண்ட்ரியலை அடுத்த ஊட்ரமோன் நகராட்சி அதனை வாங்கியது. வீட்டார் பின்னின்று நடத்தும் சிறு பொறிகள் பின்னரே வந்தன. அமெரிக்காவில் டோரோ நிறுவனம் 1950-களின் தொடக்கத்திலும், ஏரியன்ஸ் நிறுவனம் 1960-இலும் அவற்றை விற்கத் தொடங்கின.

பொறியின் அமைப்பு எளிது. முன்புறம் அகன்ற வாய். அதனுள் திருகுபோல் சுழலும் அலகு. அது பனியை வெட்டி நடுவிற்குத் தள்ளும். நடுவிலிருக்கும் விசிறி அதனை வாரி, மேல்நோக்கி வளைந்த குழல் வழியாக வீசும். திருகும் விசிறியும் தனித்தனியே அமைந்தது இருநிலைப் பொறி; திருகே வாரி வீசுவது ஒருநிலைப் பொறி. ஒருநிலைப் பொறி ஓரடிக்குக் குறைந்த பனிக்கும் செப்பனிட்ட தரைக்கும் உரியது. அலகு தரையைத் தொட்டுச் செல்வதால் கல்பரப்பிய வாசலில் அதனை ஓட்டலாகாது, கல் பறக்கும். இருநிலைப் பொறி சக்கரங்களை இயந்திரமே உந்த முன்னேறும்; ஒரு முறையில் 60 முதல் 75 செ.மீ. அகலம் வழிக்கும், பத்து மீட்டருக்கு அப்பாலும் பனியை வீசும். நம் வயல்களில் பவர் டில்லர் பிடித்து நடப்போர் கனடாவில் இதனைப் பிடித்தால் ஒரே நாளில் பழகிவிடுவர்.

களத்துமேட்டில் பொலி தூற்றுவதை நாம் அறிவோம். காற்றின் போக்கறிந்து நிற்பவனுக்கே மணி வேறு, பதர் வேறாகப் பிரியும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் பழமொழி அங்கே பிறந்தது. இப்பொறியை நடத்துவோரும் முதலில் காற்றைத்தான் பார்க்கின்றனர். எதிர்காற்றில் வீசினால் வீசிய பனி முழுவதும் முகத்திற்கே திரும்பும். எனவே வாசலின் நடுவில் தொடங்கி, காற்றோடு இருபுறமும் வீசி வெளிநோக்கி வருதல் முறை. இதனைப் பனித்தூற்றி என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. கதிரடிக்கும் களத்தில் பிறந்த பொறிக்குக் களத்தின் வினைச்சொல்லே பொருந்தும்.

ஆயினும் சொல்லைத் திணிப்பது என் நோக்கமன்று. பிரான்சு நாட்டு ஜக்கார்டு என்பவர் பெயரை இந்த அம்மாபேட்டைத் தறிகாரர்கள் 'ஜக்கார்டு பெட்டி' என்று நாவில் ஏற்றித் தமதாக்கிக்கொண்டனர். அது போலவே 'ஸ்னோ புளோவர்' என்னும் வழக்கையும் தமிழ்க் கவிதை தாங்கும். தாங்கிக்கொள்ள முதலில் அது கவிதைக்குள் வரவேண்டும்.

உடைமையும் உழைப்பும்

இப்பொறியை உடைமையாகக் கொள்ளுதல் ஒரு வரலாற்றுச் செய்தி. எண்பதுகளில் டொராண்டோவுக்கு வந்த தமிழர் பலர் செயின்ட் ஜேம்ஸ் டவுன் போன்ற அடுக்குமாடிகளில் குடியிருந்தனர். அங்கே வாசலும் இல்லை, வாசற்பனியும் இல்லை. கட்டட நிர்வாகம் வழித்துவிடும். பின்னர் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் எனத் தனிவீடுகளுக்குப் பெயர்ந்தபோதுதான் பனியும் அவர்களுக்குரிய பனியாயிற்று. வீட்டுக்கு உரியவர் வீட்டின்மேல் பொழிவதற்கும் உரியவர். முதலில் மண்வாரி போன்ற கைக்கருவி, பின் முதுகு வலி, பின்னர்ப் பனித்தூற்றி. வந்தேறிய மக்கள் குடிமக்களான கதை இம்மூன்றில் அடங்கும்.

உழைப்பின் அளவைச் சிறு கணக்கால் காட்டுகிறேன். வாசலிலிருந்து தெருவரை பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் கொண்ட வண்டிப்பாதை எனக் கொள்வோம். இருபது செ.மீ. பனி பொழிந்தால் அதன் கொள்ளளவு பன்னிரண்டு கன மீட்டர். புதிய உலர்பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ எனக் கொண்டாலும் எடை 1,200 கிலோ. ஈரப்பனியாயின் அதனினும் இருமடங்கு, மும்மடங்கு. இதனை விடியற்காலையில், வேலைக்குப் புறப்படுமுன், ஒருவர் கையால் அள்ள வேண்டும். கியூபெக் மாநிலத்தின் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வொன்று, பெரும்பனி பொழிந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. பனி உயிரைக் கேட்கும் என்பது அங்கே உவமை அன்று. 1999 சனவரியில் டொராண்டோவில் ஒரு மாதத்துள் 118 செ.மீ. அளவு பனி கொட்டியபோது, மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தையே துணைக்கு அழைத்தார்.

பொறியும் தன் பங்குக்கு விழிப்பைக் கேட்கிறது. ஈரப்பனி குழலில் அடைத்துக்கொள்ளும்போது, இயந்திரத்தை நிறுத்திவிட்டோம் என்னும் துணிவில் கையை உள்ளே விடுவோர் விரல்களை இழக்கின்றனர். நின்ற பின்னும் அலகில் விசை தேங்கியிருக்கும். அடைப்பு நீங்கிய நொடியில் அது சுழன்றுவிடும். அதனால்தான் பொறியோடு ஒரு கோலையும் சேர்த்துத் தருகின்றனர். அடைப்பைக் கோலால் மட்டுமே நீக்கவேண்டும். பெட்ரோல் பொறியை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டால் நச்சுப்புகை கொல்லும். பருவம் முடிந்ததும் எரிபொருளை வடித்தோ, கெடாதிருக்க மருந்து கலந்தோ வைக்கவேண்டும்; எண்ணெய் மாற்றவேண்டும். இல்லையேல் அடுத்த முதற்பனி நாளில் அது உறங்கும். தறியைப் பேணத் தெரிந்தவர்க்கு இது புரியும். கருவியை உடைமையாகக் கொள்வோர் அதன் காலத்திற்கும் கட்டுப்பட்டவர்.

இவ்வுறுப்புகளுள் என்னைக் கவர்ந்தது மிகச் சிறியது. திருகு அலகை அச்சோடு பிணைக்கும் ஒரு மெல்லிய ஆணி; பட்டறைகளில் ஷியர் பின் என்பர். கல்லோ, பனிக்கட்டியோ, செய்தித்தாள் கட்டோ அலகில் சிக்கினால் இவ்வாணி முறியும். முறியவேண்டும் என்றே மென்மையாகச் செய்யப்பட்டது. அது முறிவதால் உள்ளிருக்கும் பல்சக்கரப் பெட்டி பிழைக்கிறது. வீட்டார் இவ்வாணிகளில் இரண்டு மூன்றை எப்போதும் கைவசம் வைத்திருப்பர். உப்பு வணிகரின் மாற்று அச்சு முறிந்ததற்குப் பின் வந்து காத்தது. இந்த ஆணி தானே முறிந்து காக்கிறது. ஒரு குடும்பம் புதுநாட்டில் நிலைபெறத் தம் படிப்பையும் உடலையும் முறித்துக்கொண்ட முதல் தலைமுறையினரை நான் இங்கே நினைக்கிறேன். இவ்வுவமையை எந்தக் கவிஞரும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு உரிமை வேண்டா.

வாசலும் வழியும்

பனியகற்றுதல் தன் வாசலோடு முடிவதில்லை. வீட்டு முன்னுள்ள நடைபாதையை, பனி நின்ற பன்னிரண்டு மணி நேரத்துள் வீட்டார் துப்புரவாக்க வேண்டும் என்பது டொராண்டோவில் நெடுங்காலம் பலர்க்கும் பழகிய விதி. அண்மை ஆண்டுகளில் பெரும்பாலான நடைபாதைகளை நகராட்சியே இயந்திரம் கொண்டு வழிக்கிறது. தன் வாசற்பனியைத் தெருவில் தள்ளுதல் குற்றம். அயலார் வாசலில் வீசுதல் சட்டத்திற்கு முன்பே உறவுக்குக் கேடு. குழலை எப்பக்கம் திருப்புவது என்பது ஒவ்வொரு காலையும் எழும் அறவினா. நகராட்சி வண்டி தெருவை வழித்துச் செல்கையில், வழித்த வாசலின் முகப்பில் கெட்டிப்பனியை வரப்புப்போல் குவித்துச் செல்லும். முடித்தோம் என்று உள்ளே சென்றவர் மீண்டும் வெளியே வருவார். எல்லாப் பனியிலும் கனமானது அதுவே.

என் தங்கை ஸ்கார்பரோவில் வாழ்கிறாள். ஒரு குளிர்காலத்தில் அவள் இல்லத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். பெரும்பனி பெய்த மறுநாள் விடியலில் எழுந்து பார்த்தபோது எங்கள் வாசல் வழிக்கப்பட்டிருந்தது. அடுத்த வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர் தம் பொறியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். நன்றி சொன்னேன். "உதென்ன பிள்ளை, உங்கட வாசலுக்கும் எங்கட வாசலுக்கும் நடுவில கோடா கிடக்கு?" என்றார். ஊரில் வெங்காயத் தோட்டம் செய்தவர் அவர். "தோட்டத்துக்கு இறைக்கிற மெசின் பிடிச்ச கை இது. அதுவும் தண்ணி, இதுவும் தண்ணி. அங்க தண்ணி வராட்டித் துக்கம், இங்க வந்தாத் துக்கம்" என்று சிரித்தார்.

அப்பெரியவரின் பேச்சில் ஏக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கையில் வேலை இருந்தது. வெங்காயப் பாத்தியின் வரப்பறிந்த கை, இரு வீடுகளுக்கிடையே வரப்பில்லை என்றது. அந்த ஒரு காலையில் முதற்பொருளும் உரிப்பொருளும் கருப்பொருளால் பிணைக்கப்பட்டதைக் கண்டேன். இன்னொன்றும் கண்டேன். அவர் பேரன் பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் ஆங்கிலத்தில் சொன்னான். தாத்தாவின் தோட்டத்தை மட்டும் தமிழில் சொன்னான். அவனுக்குத் தமிழ் என்பது இழந்த ஊரைப் பேசும் மொழி. இருக்கும் ஊரைப் பேசும் மொழியன்று. கவிதை இருக்கும் ஊரை விட்டுக்கொண்டே போனால் அவன் தலைமுறையில் தமிழுக்குத் துக்கம் மட்டுமே மிஞ்சும். என் கவலை இதுவே.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

கனடாவில் வாழ்ந்து 2015-இல் மறைந்த கவிஞர் திருமாவளவன் தம் தொகுதியொன்றுக்குப் பனிவயல் உழவு என்று பெயரிட்டார். அப்பெயரை நான் மிகவும் மதிக்கிறேன். பனியை வயலென்றும், அதில் தம் செயலை உழவென்றும் கண்டவர் அவர். உழவு என்ற பின் உழவனும் கருவியும் உடன்வருவர். அவர் திறந்த வழி அகலவேண்டும்.

இயந்திரம் கவிதைக்கு ஆகுமா என்று சிலர் ஐயுறலாம். நம் ஊரில் தறியின் ஓசைக்கு நடுவே பிறந்தவர்க்கு அவ்வையம் எழலாகாது. கைத்தறியின் ஓசையும் விசைத்தறியின் ஓசையும் இவ்வூரின் பறை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்கார்பரோவின் தெருவில் எழும் பொறியோசை அந்நிலத்தின் பறை. பெருந்தூரப் பிரிவைப் பற்றி ஆயிரம் வரி எழுதலாம். அடைப்பை நீக்க எடுத்த கோலைப் பற்றி, முறிந்த ஆணியைப் பற்றி, அயலார் வாசலை வழித்த ஒருவரைப் பற்றி நான்கு வரி எழுதுவது அரிது. அந்நான்கு வரியை வேண்டுகிறேன்.

சேலத்தில் இருந்து எழுதுவோர் காணாத பனியைப் பாட வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையோ, உடன்பிறந்தாரோ தொலைபேசியில் 'இன்று பனி' என்று சொன்னால், 'குளிர்கிறதா' என்று கேட்பதோடு நிற்காமல், 'யார் வழித்தார்கள், எதனால் வழித்தார்கள்' என்று கேளுங்கள். விடையில் ஒரு கவிதைக்குரிய பொருள் இருக்கும். நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் அத்தகைய கவிதைகள் இம்மேடையில் ஒலிக்கும் என்று நம்புகிறேன்.